காட்டுக்கோயிலுக்கு வயது என்ன?

சென்னையில் இருக்கும் உங்களுக்கு லஸ் கார்னரைத் தெரிந்திருக்கும். வெளியூர்க் குழந்தைகளுக்காகச் சொல்கிறேன்: மயிலாப்பூரில் எப்போது பார்த்தாலும் பஸ்ஸும் ஆட்டோவும் நெரியும் நாற்சந்தி அது. அந்தச் சந்திக்கும் அங்கிருந்து கிளம்பும் லஸ் சர்ச் ரோட்டுக்கும் பெயர் கொடுத்தது பக்கத்தில் இருக்கும் ஒரு மாதா கோயில். முறையான பெயர் பிரகாச மாதா ஆலயம். பழைய மயிலாப்பூர்க்காரர்களைக் கேட்டால் காட்டுக்கோயில் என்பார்கள். இப்போது கடையும் அடுக்குமாடி வீடுமாக இருக்கிற அந்த இடம் ஒரு காலத்தில் நிஜமாகவே காடு. கடற்கரை ஊரான சாந்தோமிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உள்ளே, மரங்களுக்கு நடுவே தனியாக நின்ற கோயில் அது.

அந்தக் கோயிலில் போர்ச்சுகீசிய மொழியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பெட்ரோ தா அதோகியா என்ற பிரான்சிஸ்கன் துறவி கட்டியதாகச் சொல்லும் அந்தக் கல்லில் உள்ள ஆண்டு 1516. அப்படியானால் கோயிலுக்கு வயது ஐந்நூறுக்கு மேல். சென்னையில் ஐரோப்பியர் கட்டி இன்றும் நிற்கும் கட்டடங்களில் இதைவிடப் பழையதைக் காட்டுவது கடினம். ஆங்கிலேயர் ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியதே 1640 வாக்கில்தான்.

ஆனால் இந்த 1516இல் ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும்.

வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498. போர்ச்சுகீசியர் கோவாவைப் பிடித்தது 1510. அவர்கள் மயிலாப்பூருக்கு வந்த கதை 1517இல் தொடங்குகிறது. மலாக்காவிலிருந்து திரும்பிய சில போர்ச்சுகீசியர்கள் பழவேற்காட்டில் இறங்கி, ஆர்மீனிய வணிகர்கள் வழிகாட்ட, புனித தோமாவின் கல்லறையைப் பார்க்க மயிலாப்பூர் வந்தார்கள் என்று பிற்காலச் சாட்சியம் இருக்கிறது. அதற்குப் பிறகு, 1522-23இல்தான் கல்லறை இருந்த இடத்தைத் தோண்டிப் பழுது பார்க்கும் வேலையை ஆரம்பித்தார்கள். மெதுவாக அங்கே ஒரு குடியிருப்பும் உருவானது.

ஆக, நமக்குத் தெரிந்த முதல் வருகைக்கு ஓராண்டு முன்னாலேயே, கடற்கரையை விட்டு விலகிக் காட்டுக்குள் ஒரு கோயில் கட்டி முடிந்துவிட்டது என்கிறது கல்வெட்டு. வரலாற்று ஆய்வாளர்களில் சிலர் இதை ஏற்கவில்லை. கோயில் இன்னும் சில பத்தாண்டுகள் கழித்துத்தான் எழுந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

ஒரு கல் எப்படித் தப்பாகச் சொல்லும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கல்வெட்டைப் பிற்காலத்தில் யாரோ, பெரியவர்கள் சொன்னதை நம்பி வெட்டி வைத்திருக்கலாம். பழைய கல் தேய்ந்துபோய், அதைப் பார்த்து மறுபடி வெட்டும்போது ஓர் எண் மாறியிருக்கலாம். அல்லது கல்வெட்டுதான் சரி, அந்தத் துறவியின் வருகையைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை என்றும் இருக்கலாம். மூன்றுமே நடக்கக்கூடியவை. எது பிடித்திருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்குக் கிடையாது. சாட்சி வேண்டும்.

கோயில் பிறந்ததைப் பற்றி அழகான ஒரு கதையும் உண்டு. புயலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகள் கரையில் ஒரு வெளிச்சத்தைக் கண்டார்களாம். அதைக் குறிவைத்துக் கரை சேர்ந்து, வெளிச்சத்தின் பின்னாலேயே காட்டுக்குள் நடந்தார்களாம். அது எங்கே மறைந்ததோ அங்கே கோயில் எழுப்பினார்களாம். இதைச் சோதிக்க எந்தக் கருவியும் கிடையாது. நம்புகிறவர்கள் நம்பிவிட்டுப் போகட்டும். ஆனால் சுவர் இருக்கிறதே! அது இன்றும் அங்கே நிற்கிறது. செங்கல், சுண்ணாம்புச் சாந்து, வளைவு எல்லாமே இயற்பியல், வேதியியல் விதிப்படி நடப்பவை. சுவரைக் கேட்கலாம்.

முதலில் அது ஏன் விழவில்லை என்று கேட்போம்.

மயிலாப்பூரில் வளர்ந்த குழந்தைக்குக் கபாலீசுவரர் கோயில் மண்டபம் நன்றாகத் தெரியும். அடுத்த முறை போகும்போது தூண்களுக்கு நடுவே எத்தனை அடி இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். குறைவாகத்தான் இருக்கும். இரண்டு தூண்களின் மேல் ஒரு கல் உத்தரத்தைப் படுக்க வைத்தால், அதன் மேல்பக்கம் நசுங்கப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடப் பார்க்கும். கருங்கல் நசுக்கலுக்கு அசையாது. இழுத்தால் மட்டும் சீக்கிரம் விரிசல் விட்டுவிடும். அது தாங்கும் இழுவிசை, தாங்கும் அமுக்குவிசையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். ஆகவே உத்தரத்தை நீளமாக வைக்க முடியாது, தூண்களை நெருக்கமாக நட வேண்டும். நம் சிற்பிகள் அந்த நெருக்கத்தையே அழகாக்கி, தூணுக்குத் தூண் யாளியும் குதிரையும் செதுக்கினார்கள்.

காட்டுக்கோயிலைக் கட்டியவர்கள் வேறு வழியில் போனார்கள். ஐரோப்பாவில் இடைக்காலம் முடியும் தறுவாயில் இருந்த நேரம் அது. பல நூற்றாண்டுகளாகக் கிராமத்துச் சிறு தேவாலயம் முதல் நகரத்துப் பேராலயம் வரை வளைவுகளாலேயே கட்டிப் பழகியவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தைக் கப்பலில் கூடவே கொண்டுவந்தார்கள். லஸ் கோயிலுக்குள் போய் நிமிர்ந்து பார்த்தால் வளைவுகள் தெரியும். பீடத்துக்கு மேலே நீல நிற விதானமும் அதில் பொன், வெள்ளி நிற வேலைப்பாடும் தெரியும். கோதிக் பாணி வளைவும் அதற்குப் பின் வந்த பரோக் பாணி அலங்காரமும் சேர்ந்த கட்டடம் என்று கலை வரலாற்றாளர்கள் சொல்வார்கள். அலங்காரத்தை விடுங்கள், எனக்கு வளைவுதான் முக்கியம்.

நண்பன் ஒருவனை எதிரே நிறுத்துங்கள். இருவரும் கையை நீட்டி, உள்ளங்கையோடு உள்ளங்கையை ஒட்டி, ஒருவர்மேல் ஒருவர் சாயுங்கள். கைகள் நசுங்கும், ஆனால் விழமாட்டீர்கள். இப்போது கால்களைக் கவனியுங்கள், பின்னால் வழுக்கப் பார்க்கும். வழவழப்பான தரையாக இருந்தால் யாராவது இரண்டு பேர் உங்கள் குதிகாலுக்குப் பின்னால் பாதத்தை முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். வளைவில் நடப்பதும் இதுதான். ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துக் கல்லை அமுக்குகிறது. எந்தக் கல்லும் இழுபடுவதில்லை. செங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் அமுக்கு என்றால் கொண்டாட்டம்தான். ஆனால் வளைவின் இரண்டு கால்களும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். அந்த உதையைத் தடுக்கத்தான் பழைய மாதா கோயில்களில் அவ்வளவு தடித்த சுவர்கள். சில இடங்களில் சுவருக்கு வெளியே சாய்வாக உதைசுவர்களும் கட்டியிருப்பார்கள்.

வளைவை எந்த வடிவத்தில் கட்ட வேண்டும்? இதற்கு விடை கண்டவர் 17ஆம் நூற்றாண்டு ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக். ஒரு மெல்லிய சங்கிலியின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தொங்க விடுங்கள். சங்கிலிக்கு இழுவிசை மட்டும்தான் தெரியும், தள்ளினால் மடங்கிவிடும். அது தானாக ஒரு வடிவத்தில் நிற்கும். அதைப் போனில் படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். இழுவை எல்லாம் அமுக்கலாக மாறிவிட்டது. உங்கள் கையில் இப்போது ஒரு நல்ல வளைவின் படம் இருக்கிறது. ஹூக் கண்டுபிடித்தது இந்தத் தலைகீழ் விதிதான்.

அரைவட்ட வளைவு இந்தச் சங்கிலி வடிவத்தோடு சரியாகப் பொருந்தாது. அப்படியும் எப்படி நிற்கிறது? தடிமனால் நிற்கிறது. தலைகீழ்ச் சங்கிலியின் கோடு, வளைவுச் சுவரின் தடிமனுக்குள் எங்காவது அடங்கினால் போதும், வளைவு விழாது. அரைவட்டம் தன் எடையைத் தானே தாங்க, அதன் தடிமன் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு மீட்டர் ஆரம் என்றால் ஏறத்தாழ 21 சென்டிமீட்டர். அந்தக் காலத்துக் கொத்தனார் இந்தச் சமன்பாட்டை எழுதியிருக்க மாட்டார். தலைமுறை தலைமுறையாக விழுந்ததையும் நின்றதையும் பார்த்த கை அவருடையது.

கூர்முனை வளைவு வெளியே உதைப்பது இதைவிடக் குறைவு. அதனால்தான் அதை வைத்து உயரமாகக் கட்ட முடியும். இதைப் பார்க்க வேண்டுமானால் சாந்தோம் பேராலயத்துக்குப் போங்கள். போர்ச்சுகீசியர் அங்கே கட்டிய பழைய கோயிலை எடுத்துவிட்டு, 1893 முதல் 1896 வரை கோதிக் பாணியில் புதிதாகக் கட்டினார்கள். அதன் கோபுரம் 155 அடி. லஸ் கோயில் அதற்குப் பக்கத்தில் குள்ளம். எனக்கென்னவோ அந்தக் குள்ளம்தான் பிடிக்கிறது. அதில் ஒவ்வொரு செங்கல்லின் வேலையும் கண்ணுக்குத் தெரிகிறது.

வளைவு முழுமையாகும் வரை அது தன்னால் நிற்காது. நடுவில் கடைசிக் கல்லைச் செருகும் வரை கீழே மரச்சட்டம் தாங்க வேண்டும். இன்றைக்கும் கான்கிரீட் போடும் கொத்தனார்கள் பலகை அடித்து முட்டுக் கொடுப்பதைச் சென்ட்ரிங் என்பார்கள், பார்த்திருப்பீர்கள். காட்டுக்கோயிலுக்கும் ஒரு சென்ட்ரிங் இருந்திருக்கும். அதைப் பிரிப்பதற்குள் செங்கற்களுக்கு நடுவே உள்ள சாந்து ஓரளவாவது இறுக வேண்டும். நாம் கேட்க வந்த சாட்சி இந்தச் சாந்துதான்.

சிமென்ட் அப்போது கிடையாது. இங்கே கட்டுமானத்துக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. பழவேற்காடு, எண்ணூர் போன்ற கழிமுகங்களில் அள்ள அள்ளக் குறையாத கிளிஞ்சல் கிடைத்தது. கிளிஞ்சல் என்பது கிட்டத்தட்ட முழுக்கக் கால்சியம் கார்பனேட். சிப்பிப் பூச்சி கடல் நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனையும் எடுத்துத் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு.

அதைக் கரியோடு அடுக்கிக் காளவாயில் போட்டுச் சுடுவார்கள். சூடு 900 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கிளிஞ்சலிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு வாயு பிரிந்து பறந்துவிடும். 100 கிராம் கிளிஞ்சல் போட்டால் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிராம் வாயுவாகப் போய்விட்டது! காளவாயிலிருந்து எடுத்த கிளிஞ்சல் உருவம் மாறாமல் இருக்கும், கையில் எடுத்தால் தக்கையாக இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று சீறி, கொதித்து, பொரிந்து மாவாகும். இதை நீற்றுவது என்பார்கள். தண்ணீர் கொதிநிலையைத் தொடும் அளவுக்குச் சூடு வரும் என்பதால், பெரியவர்கள் இல்லாமல் நீங்கள் இதைச் செய்யவே கூடாது. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து, செக்கில் அரைத்து அரைத்துச் சாந்தாக்குவார்கள். தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை அதில் சேர்ப்பது வழக்கம். பழங்கோயில்களைப் பழுது பார்க்கும்போது இன்றும் சேர்க்கிறார்கள். சாந்து சீக்கிரம் காய்ந்து வெடிக்காமலும் பிடிப்பு கூடவும் அது உதவும்.

இனிமேல்தான் விசேஷம். சாந்து காய்வதால் இறுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் வற்றுவது பாதிக் கதை. சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை மெல்ல மெல்ல உள்ளே இழுக்கிறது. காளவாயில் இழந்த அதே வாயுவை, அதே அளவு திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடி கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கல்லாக மாறுகிறது. மேல்தோல் முதலில் மாறும். உட்பகுதி மாறுவதற்கு மாதங்கள், ஆண்டுகள் ஆகும். மிகத் தடித்த சுவரின் நடுவில் அதைவிடவும் நாளாகலாம்.

500 ஆண்டுகளுக்கு முன் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்குச் சுமார் 280தான் கார்பன் டை ஆக்ஸைடு. (இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நாம் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் செய்த வேலை.) கணக்குப் போட்டால், நூறு கிராம் சாந்துக் கல் உருவாவதற்கு ஏறக்குறைய 85 முதல் 90 கன மீட்டர் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு முழுவதும் தேவை. உங்கள் வகுப்பறை எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் உயரம் என்றால் அதில் பாதி. ஒரு கைப்பிடிச் சாந்துக்கு இவ்வளவு என்றால் ஒரு கோயில் எவ்வளவு காற்றை உள்ளே வாங்கியிருக்கும்!

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு கேட்டு வாங்குங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, அதை ஒரு பழைய ஓட்டுத் துண்டின் மேல் மிக மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்து, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். சில நாளுக்கு ஒருமுறை ஓர் ஓரத்தில் மஞ்சள் கரைத்த நீரில் ஒரு சொட்டு விடுங்கள். முதல் நாள் ஆரத்தித் தட்டுபோலச் சிவக்கும், சுண்ணாம்பு கடுமையான காரம் அல்லவா? நாள் போகப் போகச் சிவப்பு மங்கிக்கொண்டே வரும். சுண்ணாம்பு காற்றை வாங்கிக் காரம் இழந்து கல்லாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் பொறியாளர்கள் மஞ்சளுக்குப் பதில் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியை வைத்து இதே சோதனையைச் செய்கிறார்கள்.

இனி வயதுக்கு வருவோம்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் உச்சியில் நைட்ரஜனைத் தாக்கி, கார்பன்-14 என்ற ஒரு வகைக் கார்பனை உண்டாக்குகின்றன. காற்றில் உள்ள கார்பன் அணுக்களில் லட்சம் கோடிக்கு ஒன்றுதான் இந்த வகை. இது நிலையில்லாதது. 5730 ஆண்டுகளில் பாதி சிதைந்துவிடும். மரமோ மாடோ உயிரோடு இருக்கும்வரை புதுக் கார்பன் உள்ளே வந்துகொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால் எப்போது வரவு நின்றது என்று தெரியும். அமெரிக்க விஞ்ஞானி வில்லார்ட் லிபி 1940களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கீழடியின் காலத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனதும் இந்த முறையில் அளந்த கரித்துண்டுகள்தான்.

சுண்ணாம்புச் சாந்துக்கு உயிர் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு வரவு உண்டு, பார்த்தோம் அல்லவா? காளவாயில் பழைய கார்பன் முழுவதும் வெளியேறி, கடிகாரம் பூஜ்யத்துக்கு வருகிறது. சுவரில் பூசியதும் அந்த ஆண்டுக் காற்றின் கார்பன் உள்ளே நுழைந்து, கல்லாக இறுகி, பூட்டிக்கொள்கிறது. கோயில் கட்டிய ஆண்டின் காற்று சாந்துக்குள் பத்திரமாக இருக்கிறது! 500 ஆண்டுகளில் அதிலிருந்த கார்பன்-14இல் நூற்றுக்கு ஆறு போல்தான் சிதைந்திருக்கும், 94 மிச்சம் இருக்கும். இன்றைய கருவிகளுக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும், இந்த வித்தியாசத்தை அளந்துவிடும்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் யோசனை அல்ல. பின்லாந்துக்கும் சுவீடனுக்கும் நடுவே, பால்டிக் கடலில் ஓலந்து என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே வயல்களுக்கும் காடுகளுக்கும் நடுவே இடைக்காலக் கல் தேவாலயங்கள் நிற்கின்றன, கிராமத்துக்கு ஒன்றாக. எப்போது கட்டியவை என்று சொல்லும் ஏடு எதுவும் இல்லை. நம் காட்டுக்கோயிலிலாவது ஒரு கல்வெட்டு இருக்கிறது, அங்கே அதுவும் இல்லை. ஓசா ரிங்பொம் என்ற கலை வரலாற்றாளரின் குழு 1990களிலிருந்து அந்தச் சுவர்களின் சாந்தை எடுத்துக் கார்பன்-14 முறையில் அளந்தது. கூரை மரம் பழையபடியே இருந்த இடங்களில் மரவளையங்களை எண்ணி ஒப்பிட்டும் பார்த்தார்கள். பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. காளவாயில் சரியாகச் சுடாத சுண்ணாம்புக்கல் துணுக்குகள் சாந்தில் கலந்திருக்கும். அவற்றில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டு பழைய கார்பன். அது சேர்ந்தால் கோயிலுக்கு இல்லாத முதுமை வந்துவிடும். சென்னையில் இதே தொல்லை கிளிஞ்சல் வழியாக வரும். கடல் நீரின் கார்பன் காற்றின் கார்பனைவிடச் சில நூறு ஆண்டு பழையதுபோலக் காட்டும். வேகாத ஒரு கிளிஞ்சல் சில்லு மாதிரியில் சிக்கினால் 1516 என்பது 1400 ஆகிவிடும்!

இதற்கு ஒரு நல்ல உத்தி இருக்கிறது. சாந்தைப் பொடித்துச் சலித்து, மிக நுண்ணிய தூளை மட்டும் எடுத்து, அதன் மேல் அமிலம் ஊற்றுவார்கள். காற்றை வாங்கி இறுகிய பகுதி மென்மையானது, முதலில் கரைந்து குமிழி விடும். வேகாத துணுக்குகள் தாமதமாகக் கரையும். ஆகவே முதல் சில நொடிக் குமிழிகளைத் தனியாகப் பிடிக்கிறார்கள். அடுத்த குமிழிகளை வேறு குப்பியில் பிடிக்கிறார்கள். எல்லாக் குப்பியும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். முதல் குப்பி இளமையாகவும் கடைசிக் குப்பி முதுமையாகவும் இருந்தால், கலப்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரி, காட்டுக்கோயிலின் சாந்தை எடுத்து அளந்தால் 1516 உண்மையா என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. இதை உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன். காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை, சூரியனின் போக்கைப் பொறுத்து ஏறி இறங்கும். ஆயிரக்கணக்கான மரவளையங்களை அளந்து அதற்கு ஒரு வரைபடம் போட்டிருக்கிறார்கள். அந்த வரைபடத்தில் 16ஆம் நூற்றாண்டு கிட்டத்தட்ட சமதளமாக இருக்கிறது. 1520இல் இறுகிய சாந்தும் 1580இல் இறுகிய சாந்தும் ஏறத்தாழ ஒரே விடையைத் தரும். நம் கேள்வி 1516ஆ, அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்தியதா என்பது. இந்தத் தராசில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது. செங்கல்லுக்கும் வயது பார்க்கும் முறை இருக்கிறது. சூளையில் சுட்ட பிறகு அதன் மணல் துகள்கள் இயற்கைக் கதிர்வீச்சைச் சேமித்துக்கொண்டே வரும், ஆய்வகத்தில் சூடாக்கினால் அது ஒளியாக வெளிவரும். அதிலும் 500 ஆண்டுக்கு முப்பது, நாற்பது ஆண்டு முன்பின் ஆகும்.

எழுத்தின் வடிவத்தை வைத்தும் வயது பார்க்கலாம். 1547இல் பரங்கிமலையில் அடித்தளம் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பழைய பாரசீக பஹ்லவி எழுத்து. அந்த எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்துத்தான் அது போர்ச்சுகீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முந்தையது என்று அறிஞர்கள் கணித்தார்கள். லஸ் கல்வெட்டின் எழுத்தையும் அதே காலத்து மற்றக் கல்வெட்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். சின்னமலைக் கோயிலில் 1551 என்ற ஆண்டைச் சொல்லும் கல் இருக்கிறது, ஒப்பிடத் தோதானது. 1516ஐப் பற்றிய கடைசித் தீர்ப்பு லிஸ்பனில் உள்ள தோரே தோ தோம்பு ஆவணக் காப்பகத்திலிருந்து வரவேண்டியதுதான். போர்ச்சுகல் அரசர்களுக்கு இந்தியாவிலிருந்து போன கடிதங்கள் அங்கே இருக்கின்றன. 1517க்கு முன் மயிலாப்பூரில் ஒரு துறவி இருந்தார் என்று ஒரே ஒரு கடிதம் சொன்னால் போதும், கல்வெட்டு ஜெயித்துவிடும்.

அப்படியானால் சாந்தை அளப்பதால் பயனே இல்லையா? இருக்கிறது, நான் ஆசைப்படுவதே அதற்குத்தான். இந்தக் கோயில் அடி வாங்கிய கோயில். 1662இல் கோல்கொண்டா படை சாந்தோமைப் பிடித்தது, அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களும் டச்சுக்காரர்களும் அந்த ஊருக்காக மோதிக்கொண்டார்கள். அந்தக் காலத்திலும், 1780களில் ஹைதர் அலியின் படை வந்தபோதும் காட்டுக்கோயில் சேதப்பட்டது என்று அதன் வரலாறு சொல்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ மறுபடி செங்கல் அடுக்கி, சாந்து பூசி, நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். எனவே இன்று நாம் பார்ப்பதில் எந்தச் சுவர் முதலில் கட்டியது, எது பிறகு எடுத்துக் கட்டியது? 16ஆம் நூற்றாண்டுச் சாந்துக்கும் 17ஆம் நூற்றாண்டு இறுதிச் சாந்துக்கும் கார்பன்-14 வரைபடத்தில் நல்ல இடைவெளி இருக்கிறது. பீடத்துக்குப் பின்னால் ஒன்று, வளைவின் காலடியில் ஒன்று, வாசல் முகப்பில் ஒன்று என்று சில கிராம் எடுத்தாலே, கோயிலின் எந்தப் பாகம் எந்தத் தலைமுறையுடையது என்று ஒரு படம் வரைந்துவிடலாம்.

நீங்கள் போய்ச் சுரண்டிப் பார்க்காதீர்கள்! அனுமதி பெற்று, பயிற்சி உள்ளவர்கள், காரை பூசாத இடத்தில் சுண்டுவிரல் அளவுக்குத் துளை போட்டு எடுப்பார்கள். எடுத்த பிறகு அந்தத் துளையைச் சிமென்டால் அடைக்கக் கூடாது. கடற்கரை ஊர்ச் சுவர்களில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். வெளியேற வழியில்லாத உப்பு உள்ளேயே பூத்து, பக்கத்துச் செங்கல்லைப் பொடியாக உதிர்க்கும். ஆகவே மறுபடியும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். அந்தப் புதுச் சாந்து இந்த ஆண்டுக் காற்றை வாங்கி இறுகும். 500 ஆண்டுப் பழைய சாந்தில் கார்பன்-14 ஏற்கெனவே நூற்றுக்கு ஆறு போல் சிதைந்துவிட்டது, புதுச் சாந்தில் சிதைவு இப்போதுதான் தொடங்கும், அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது. இன்னும் 500 ஆண்டு கழித்து யாராவது அளந்தாலும், இது 1516இன் சாந்து அல்ல, அதற்கு வயது பார்க்க வந்தவர்கள் அடைத்துவிட்டுப் போனது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.